முள் இல்லாத சிலிண்டர்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பொல்லாத பழக்கம். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் சோறு இறங்காது. வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டதற்கும், அப்பாவின் கைக்கடிகாரத்தைத் திறந்ததற்கும் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. பிறகு அதே பழக்கத்துக்குச் சம்பளம் கொடுக்க ஒரு கம்பெனியே கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், அப்போது சுற்றிலும் நெல்வயலாக இருந்த இடத்தில், ஒரு தொழிற்சாலை. அங்கே இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் பிரஷர் கேஜ்களைச் சரிபார்ப்பது என் வேலை. அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண்.

ஒவ்வொரு கேஜையும் கழற்றிக் கொண்டுவந்து, முள் காட்டுவது உண்மையா என்று பார்த்து, ஒரு மஞ்சள் அட்டையில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டிவிடுவேன். அட்டை கட்டியதை யாரும் தொடக்கூடாது, தட்டக்கூடாது, திருகக்கூடாது. கம்பெனியில் அது எழுதப்பட்ட விதி. எழுதியது யாரோ, அதைக் காப்பாற்றப் பிறந்தவள் நான் என்பது என் நினைப்பு. இருபத்து மூன்று வயது, கையில் மஞ்சள் அட்டை, கேட்க வேண்டுமா?

1991இல் மழைக்காலம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது கம்பெனிக் குளத்தில் பிரச்சினை வந்தது. உலையைக் குளிர வைக்கிற தண்ணீர் அந்தக் குளத்திலிருந்துதான் வரும். குளத்தின் அடியில், பதினாறு பதினேழு அடி ஆழத்தில், ஒரு சிமென்ட் குழாய் தொடங்கிப் பம்பு அறைக் கிணறு வரைக்கும் போகிறது. இருபதடி நீளம், ஒரு ஆள் தவழ்ந்து போகிற அகலம். அதற்குள் ஆகாயத்தாமரை வேரும் சேறும் அடைத்துக்கொண்டன. குளத்தை வற்றவைத்தால் உலையை நிறுத்த வேண்டும். மழை வந்துவிட்டால் ஆழம் கூடிவிடும். அதனால் யாராவது உள்ளே போய்த்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் பம்பு அறையில் ஒரு ஃபிட்டர் இருந்தார். கப்பற்படையில் முக்குளிப்பவராக இருந்து வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'நேவிக்காரர்'. நாற்பது வயது தாண்டியவர், எண்ணூர்ப் பக்கம். நான் போகிறேன், என்னிடம் சாமான் இருக்கிறது என்று அவரே சொன்னார். மறுநாள் ஒரு கோணிப்பையில் அந்தச் சாமான் வந்து இறங்கியது. துறைமுகத்தில் இனி உதவாது என்று கண்டம் பண்ணி ஏலம் விட்டதில் எடுத்தாராம்.

நான் கேஜ் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். பெயின்ட் உரிந்த ஓர் இரும்பு சிலிண்டர். அதன் தலையில், மூச்சுக்கு ஏற்பக் காற்றை விடுகிற, தட்டு மாதிரி ஒரு ரெகுலேட்டர். அதிலிருந்து இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாக ரப்பர்க் குழாய்கள் வந்து வாயில் கவ்வுகிற இடத்தில் சேர்ந்தன. ஒரு குழாயில் சைக்கிள் ட்யூப் துண்டு வைத்துப் பஞ்சர் ஒட்டியிருந்தது. பேருந்து நிலையத்துப் பஞ்சர் கடை வேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது. ரப்பர் வெடிக்காமலிருக்க அவர் குழாய்க்கு முகப்பவுடர் பூசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதுல கேஜ் எங்க?" என்று கேட்டேன்.

"கேஜா? அதெல்லாம் இதுல கெடையாது தங்கச்சி. இப்போ புதுசா வர்றதுல வெக்கிறாங்களாம்."

"அப்புறம் உள்ள எவ்ளோ காத்து இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"தெரியாமலா தண்ணிக்குள்ள போவீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே சிலிண்டரின் பக்கவாட்டில் தொங்கிய ஒரு கம்பியைக் காட்டினார். மேலே வால்விலிருந்து இறங்கி, முதுகில் மாட்டினால் இடுப்புக்கு அருகில் வருகிற கம்பி. நுனியில் விரல் நுழைகிற வளையம்.

"காத்து கம்மியாச்சுன்னா மூச்சு இறுக்கினு வரும். அப்போ இத்தக் கீழ இழுக்கணும். திரும்பக் காத்து வரும். உடனே வேலைய அங்கயே போட்டுட்டு வெளிய வந்துடணும். வண்டில ரிசர்வ் இல்ல? அதேதான்."

ஸ்கூட்டர் ஓட்டுகிற எல்லோருக்கும் அது தெரியும். பெட்ரோல் தீர்ந்து வண்டி இருமும்போது குமிழைத் திருப்பினால் அடியில் மிச்சம் வைத்தது வரும். குமிழை ஏற்கெனவே திருப்பிவிட்டு மறந்திருந்தால், வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். எங்கள் சூப்பர்வைசர் மாதத்துக்கு ஒருமுறை அப்படித் தள்ளிக்கொண்டு வருவார். தண்ணீருக்கடியில், குழாய்க்குள் எதைத் தள்ளுவது என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் எறங்கறதுக்கு முன்னாடி கம்பி மேல கீதான்னு கைய வெச்சுப் பாக்கறது" என்றார். "அந்த ரிசர்வ் காத்து வேலைக்கு இல்ல தங்கச்சி. வூட்டுக்குப் போறதுக்கு."

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. முள் இல்லாத ஒரு பாத்திரத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் குழாய்க்குள் தவழப் போகிறார், எப்போது தீரும் என்று அவருக்கே தெரியாது. பயம் பாதி என்றால், அதற்குள் என்னதான் நடக்கிறது என்ற அரிப்பு பாதி. உண்மையைச் சொன்னால் அரிப்புதான் அதிகம்.

அந்த ரெகுலேட்டரில் கேஜ் மாட்ட இடமே இல்லை. ஆனால் தரையில் இருக்கும்போதாவது அளக்கலாமே! லேத் பிரிவில் கெஞ்சிக் கூத்தாடி சிலிண்டர் வால்வின்மேல் உட்காருகிற மாதிரி ஒரு கவ்வி செய்து, அதில் என் பெஞ்சிலிருந்த பெரிய கேஜை மாட்டினேன். வால்வைத் திறந்ததும் முள் ஏறி நூற்றுப் பத்தில் நின்றது. எங்கள் பேச்சில் அழுத்தத்துக்கும் கிலோதான், நூற்றுப் பத்து கிலோ. துறைமுகத்தில் நிரப்பியவர்கள் நூற்று நாற்பது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்தேன். சும்மா இருக்காமல் அந்தக் கம்பியைக் கீழே இழுத்துப் பார்த்தேன். முள் திடுக்கென்று எகிறி நூற்று நாற்பதில் நின்றது.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கம்பி மேலே இருக்கும்வரை உள்ளே ஒரு ஸ்பிரிங் முப்பது கிலோவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முள் அதைக் கழித்துத்தான் காட்டும். முழுக்கணக்கு தெரிய வேண்டுமென்றால் கம்பியைக் கீழே இழுத்துத்தான் அளக்க வேண்டும். அளந்தபின் மறுபடி மேலே தள்ளிவிட வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே கண்டுபிடித்ததாக்கும் என்று நேவிக்காரரிடம் போய் நின்றேன். "எனக்கு இருவது வருசமாத் தெரியும்" என்றார் அவர், பவுடர் பூசுவதை நிறுத்தாமல்.

வேலை இரண்டு வாரத்துக்கு இழுத்தது. சிலிண்டர் ஒன்றுதான். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கம்பெனி வேனில் துறைமுகம் போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். இறங்குவதற்கு முன்னும் ஏறிய பின்னும் நான் அளந்து ஒரு நோட்டில் எழுதினேன். எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார், எத்தனை கிலோ குறைந்தது, எந்த நிமிடத்தில் கம்பியை இழுத்தார். இழுத்ததும் இடுப்பில் கட்டிய கயிற்றை இரண்டு தடவை சுண்ட வேண்டும் என்று ஏற்பாடு. கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தீயணைப்புப் பிரிவிலிருந்து ஓர் ஆள் நிற்பார். பிள்ளைப்பாக்கத்துக்காரர், என்னோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். சுண்டல் வந்தால் அவர் கத்துவார், நான் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்வேன்.

மூன்று தடவை முடிவதற்குள் அந்த நோட்டு என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தது. ஒரே ஆள், ஒரே ஆழம், ஒரே வேலை. ஆனால் ஒரு நாள் முப்பத்தாறு நிமிடத்தில் இழுக்கிறார், இன்னொரு நாள் முப்பதிலேயே இழுக்கிறார். துருவித் துருவிக் கேட்டதில், முப்பது வந்த அன்று காலையில் வீட்டில் சண்டை.

"கோவத்துல மூச்சு அதிகமா இழுத்திருக்கீங்கண்ணே."

"அடி ஆத்தா! உன் மீட்டரு எங்க வூட்டு சண்டையெல்லாம் காட்டுதா?"

கயிற்றுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஒரு முள், ஒரு மனிதரின் காலை நேரத்தைச் சொல்கிறது. இதைவிட அதிசயமாக அதுவரை நான் எதையும் அளந்ததில்லை. அடுத்த தடவை அவர் இறங்குவதற்கு முன்னால் முகத்தைப் பார்த்தே நிமிடத்தை ஊகித்து நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன்.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பம்பு அறையில் நான் அட்டை கட்டிய ஒரு கேஜின் முள் நடுங்குகிறதென்று நேவிக்காரர் ஸ்பானரால் தட்டிவிட்டார். நான் எல்லோருக்கும் முன்னால் வைத்து, "அட்டை கட்டினதைத் தொடக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்திவிட்டேன். பேச்சு சூப்பர்வைசர் வரைக்கும் போய், நேவிக்காரருக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். வயதில் அவ்வளவு மூத்தவர், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் விதி விதிதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சில நாள் கழித்து, சிலிண்டரை அளந்த கையோடு அதற்கும் ஒரு மஞ்சள் அட்டை எழுதிக் கட்டினேன். அழகாக இருந்தது. அவர் பார்த்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"ஐயையோ, அட்டை கட்டிட்டியா? இனிமே நான் தொட மாட்டேம்பா. மெமோ குடுத்துடுவாங்க."

எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவர் இறங்குவதற்கு முன்னால் கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அவர் மூச்சையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த நான் அதை மட்டும் பார்க்கவில்லை.

அந்த வருடம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பக்கம் போலீஸ் சோதனை பலமாக இருந்தது. கம்பியும் குழாயுமாக ஒரு சிலிண்டரை வேனில் கொண்டுபோனால் விடுவார்களா? ஐந்தாவது தடவை நிரப்பிக்கொண்டு வரும்போது வேனை வெயிலில் நிறுத்தி, இது என்ன, எதற்கு, யாருக்கு என்று விசாரித்து அனுப்பவே இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. வந்து சேர்ந்த சிலிண்டரைக் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது. கம்பியைக் கீழே இழுத்து அளந்தேன். நூற்று ஐம்பது! அதுவரை வராத எண். இன்றைக்கு நன்றாக நிரப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, மர நிழலில் சாய்த்து வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, சும்மா இன்னொரு தடவை பார்ப்போமே என்று வால்வைத் திறந்தால் முள் நூற்று நாற்பத்திரண்டில் நிற்கிறது.

சோப்பு நுரை வைத்துப் பார்த்தேன், எங்கும் கசியவில்லை. கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு, பிறகுதான் விளங்கியது. காற்று எங்கும் போகவில்லை, ஆறியிருக்கிறது. ஆறியதில் எட்டு கிலோ இறங்கிவிட்டது! சூட்டோடு அளந்து எழுதுவதெல்லாம் இருப்பதைவிட அதிகம் காட்டுகிற கணக்கு. நோட்டைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஓடினேன். அவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "அதுக்கு இப்ப என்னம்மா?" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பி வந்து கேஜைக் கழற்றி, அட்டையில் நூற்று நாற்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டினேன். கம்பி கீழேயே இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேவிக்காரர் இறங்கினார். முகம் நன்றாக இருந்தது, வீட்டில் சண்டை இல்லை. நோட்டில் 'முப்பத்து நான்கு' என்று ஊகித்து எழுதினேன். குழாய் வாயிலிருந்து காற்றுக் குமிழிகள் விட்டுவிட்டு மொத்தமாக வந்துகொண்டிருந்தன. முப்பத்து நான்கு ஆயிற்று. கயிறு அசையவில்லை. முப்பத்தாறு. முப்பத்தெட்டு. எனக்கு ஒரே குதூகலம். "பாருங்க, இன்னைக்கு எவ்ளோ நிதானமா மூச்சு விடறார்!" என்று கயிற்றுக்காரரிடம் சொன்னேன். வீட்டுக்குப் போவதற்கு வைத்திருந்த காற்றைத்தான் அவர் தெரியாமல் செலவழித்துக்கொண்டிருக்கிறார். நான் கரையில் நின்று கடிகாரம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் கயிறு பைத்தியம் பிடித்த மாதிரி துடித்தது. இரண்டு சுண்டல் இல்லை. நிறுத்தாமல் இழுத்தது.

கயிற்றுக்காரர் குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தார். நானும் பிடித்தேன். பம்பு அறையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். குழாய்க்குள் உடம்பைத் திருப்ப இடமில்லை, காலை முன்னால் விட்டுத்தான் பின்னோக்கி வர வேண்டும். கயிறு எங்கேயோ மாட்டி நின்றது. ஒரு முழம்கூட வரவில்லை. குமிழிகள் நின்றுவிட்டன. அப்புறம் திடீரென்று தளர்ந்து வந்தது. நாங்கள் நாலு பேரும் பின்பக்கம் விழுந்தோம். தண்ணீருக்கு மேலே முதலில் ஒரு கை வந்தது, பிறகு தலை. வாயில் குழாய் இல்லை, கண்ணாடி இல்லை.

கரையில் குப்புறப் படுத்து வெகுநேரம் இருமினார். முழங்கையிலும் முட்டியிலும் தோல் வழன்று ரத்தம். எழுந்து உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தக் கம்பியைத் தொட்டதுதான்.

"இழுக்கறேன், இழுக்கறேன், ஒண்ணும் வர்ல" என்றார். "கம்பி முன்னாடியே கீழ கீது."

எல்லோரும் கயிற்றுக்காரரைப் பார்த்தார்கள். சிலிண்டரை முதுகில் தூக்கி மாட்டிவிட்டவர் அவர்தான். "நான் தொடவே இல்லிங்க, அம்மா மேல சத்தியமா தொடல" என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அந்த ஒரு மூச்சு நேரம் நான் சும்மா நின்றேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு சொன்னேன். "நான்தாண்ணே. அளக்கறதுக்கு இழுத்தேன். மேல தள்ள மறந்துட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகவே திட்டினார். அந்த வார்த்தைகள் இங்கே வேண்டாம். கடைசியில் சிலிண்டரைக் கழற்றி என் காலடியில் வைத்துவிட்டு, "கொண்டா உன் மீட்டர. மாட்டு" என்றார். மாட்டினேன். முள் அசையவே இல்லை.

"இன்னா காட்டுது?"

"சைபர்ண்ணே."

"எழுதிக்கோ."

எழுதினேன். மஞ்சள் அட்டை தண்ணீரில் ஊறி, என் கையெழுத்து கரைந்து, நீலக் கறையாகத் தொங்கியது. அதை அவரே அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

"மெமோக்கு பயந்துனு கைய வெக்காம போனேன் பாரு, எனக்கு நல்லா வேணும்" என்றார். திட்டியபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

நான்கு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நானே போய் நடந்ததை எழுதிக் கொடுத்ததில் எனக்கும் ஒரு மெமோ வந்தது. குழாயில் இன்னும் இரண்டு கை நீளத்துக்கு அடைப்பு மிச்சம் இருந்தது. வானம் மூட்டம் போட ஆரம்பித்திருந்தது. ஐந்தாம் நாள், சிலிண்டர் நிரம்பி வந்ததும் பெஞ்சுக்கு ஆள் அனுப்பினார். என்னை வரவேண்டாம் என்று சொல்லத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"அளந்து சொல்லு" என்றார்.

சிலிண்டர் ஆறும்வரை காத்திருந்து அளந்தேன். நூற்று முப்பத்தெட்டு. கம்பியை மேலே தள்ளினேன். தள்ளியதை மறுபடி பார்த்தேன். அட்டை கட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. முதுகில் மாட்டிக்கொண்டு கரையில் வந்து நின்று, எனக்கு முதுகைக் காட்டினார்.

"கைய வெச்சுப் பாரு."

வளையத்தைத் தொட்டு, தள்ளிப் பார்த்து, "மேல இருக்குண்ணே" என்றேன். கயிற்றுக்காரரையும் பார்க்கச் சொன்னார். அவரும் தொட்டுப் பார்த்து, "மேலதான் கீது" என்றார். நேவிக்காரர் தலையாட்டினார். சரி, இறங்கப் போகிறார் என்று நான் நோட்டைத் திறந்தேன்.

அவர் இறங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தன் கையைப் பின்னால் கொண்டுபோனார். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது எனக்கு. நான் சொல்லியும் நம்பவில்லையே என்று வலித்தது. அப்படி ஒருமுறை நம்பித்தான் குழாய்க்குள் கிடந்தார் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. இடுப்புக்குக் கீழே அவருடைய விரல்கள் தடவித் தடவி அந்த வளையத்தைத் தேடின. அவை அதைக் கண்டுபிடிக்கும்வரை நான் மூச்சு விடவில்லை.